எஞ்சினை அணைத்த இறக்கம்

மேலகரத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் என் காரில் ஏற விரும்புவதில்லை. கண்ணாடியை இறக்கி, "வாங்க, தென்காசிக்குத்தான் போறேன்" என்று கூப்பிட்டால், "இல்ல அண்ணாச்சி, கொஞ்சம் அவசரம், நான் நடந்தே போயிருதேன்" என்பார்கள். நக்கல்தான். இருந்தாலும் நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நாற்பதுக்கு மேல் போகமாட்டேன் என்பது அவர்களுடைய புகார். அது பாதி பொய். தேவையானால் ஐம்பது போவேன். ஆனால் அந்த ஐம்பதை அடைய அவசரப்படமாட்டேன். ஆக்சிலேட்டரின் மேல் என் கால் இருக்கிறதா இல்லையா என்று காருக்கே சந்தேகம் வரும்படி மிதிப்பேன். எந்த இடத்தில் வேகத்தடை, எந்தக் கடை வாசலில் பஸ் நிற்கும், எந்த முக்கில் மாடு படுத்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் தூரத்திலேயே காலை எடுத்துவிடுவேன், கார் தானாக வேகம் குறைந்து போய்ச் சேரும். பிரேக் போடுகிறவன் காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ரோட்டில் கொட்டுகிறான் என்பது என் கட்சி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை டயருக்குக் காற்றுப் பார்ப்பேன். டிக்கியில் ஸ்டெப்னியைத் தவிர ஒன்றும் இருக்காது. கூரைமேல் இருந்த கேரியரை கார் வாங்கிய மறுநாளே கழற்றிவிட்டேன். என் மனைவி அதைக் கொல்லையில் சாய்த்து வைத்துப் பாகற்கொடி ஏற்றியிருக்கிறாள்.

ரயில்வே கேட்டில்தான் எனக்குக் கெட்ட பெயர் அதிகம். கேட் போட்டதும் நான் எஞ்சினை நிறுத்திவிடுவேன். மற்றவர்கள் நிறுத்தமாட்டார்கள், ஏசி போட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வயிறு எரியும். இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டி, "சார், ரயிலு இன்னும் செங்கோட்டையே தாண்டல, ஆஃப் பண்ணலாமே" என்பேன். சிலர் நிறுத்துவார்கள். சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். ஒருத்தர், "இவரு யாருவே, பெட்ரோலியம் மந்திரியா?" என்று கேட்டதிலிருந்து தெருவில் எனக்கு மந்திரி என்றே பெயர் விழுந்துவிட்டது.

இந்தப் பித்து எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் வளைகுடாவைச் சொல்வேன். அங்கே பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டினேன். மதியத் தூக்கத்துக்குக்கூட எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் படுத்துக்கிடந்த காலம் அது. அந்தப் பாவத்தை இங்கே கழுவுகிறேன் என்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். உண்மை அதுவல்ல. பெட்ரோலை மிச்சம் பிடிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது குற்றாலம். வளைகுடாவுக்குப் போவதற்கு முன் அங்கே ஒரு லாட்ஜில் ஜீப் ஓட்டினேன். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை, என் மனைவியிடமும் பேசியதில்லை.

பேச வைத்தது பண்பொழி மலை.

ஒரு கிருத்திகை நாளன்று அந்த மலைமேல் இருக்கும் திருமலை முருகன் கோவிலுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். மலை ஏறும்போது கார் குடித்த பெட்ரோலை நினைத்து எனக்குச் சந்நிதியில் மனம் நிற்கவில்லை. இறங்கும்போது அதில் கொஞ்சத்தையாவது மீட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. உச்சிவேளை, கீழே போகிற வண்டி வேறெதுவும் இல்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விட்டேன். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஓர் இறக்கத்தில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

கார் தன் பாரத்திலேயே இறங்கியது. அந்த அமைதி எனக்கு அவ்வளவு பழக்கமானது என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பின் சீட்டில் கிடந்த பூஜைப் பையில் தேங்காய் மூடிகள் ஒன்றோடொன்று உரசின. முதல் வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தேன்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட மூச்சு.

"என்ன, இப்படிப் பெருமூச்சு விடுதிய?" என்றாள் மனைவி.

"நானா? நான் விடலையே."

"அப்ப யாரு, முருகனா?" என்று சிரித்துக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்த்தாள். பூஜைப் பைதான் இருந்தது.

அடுத்த வளைவில் மீண்டும் கேட்டது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராகப் பார்த்தபடி, "ஏங்க, எஞ்சினப் போடுங்க" என்றாள். சாவியை மறுபடி திருப்பி, கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அடிவாரம்வரை அந்த மூச்சு கேட்கவில்லை.

சமதளத்துக்கு வந்து வடகரை வயல்கள் தெரிந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "பின்னால யாரோ படுத்திருக்க மாரி இருந்துச்சு. ஆம்பள மூச்சு."

உட்கார்ந்திருக்கிற மாதிரி என்று அவள் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். படுத்திருக்கிற மாதிரி என்றாள். அந்த மூச்சை நான் இதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். அப்போதும் இப்படித்தான் ஓர் இறக்கம், இப்படித்தான் எஞ்சினை அணைத்த வண்டி, பின்னால் ஒருவன் படுத்திருந்தான்.

அந்த லாட்ஜ் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் இருந்தது. இப்போது இடித்துவிட்டார்கள். முதலாளி நல்ல மனிதர்தான், சோற்றில் குறை வைக்கமாட்டார், டீசலில் மட்டும் உயிர். சாயங்காலம் ஜீப்பின் டேங்குக்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பார். "இறக்கத்துல எஞ்சினுக்கு என்னலே சோலி? அணைச்சுப் போடு, தானாப் போகும்" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். ஸ்டாப் கம்பியை இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும். ஐந்தருவியிலிருந்து கீழே வரும்வரை வண்டியை ஓசையில்லாமல் உருட்டிக்கொண்டு வருவேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. சாரல் நேரத்தில் ரோட்டோரம் நடக்கிறவர்களுக்கு நான் வருவதே தெரியாது, பக்கத்தில் வந்ததும் திடுக்கிட்டு ஒதுங்குவார்கள்.

ஒரு சீசனில், நல்ல கூட்டமுள்ள ஒரு மத்தியானம், அருவிக்கு மேல் பாறையில் ஏறிய ஒருவன் வழுக்கி விழுந்துவிட்டான். எங்கள் லாட்ஜில் தங்கியிருந்தவன். வெளியூர்க்காரன், இருபத்தைந்து வயது இருக்கும். தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கிடத்தினார்கள். கூட்டத்திலிருந்த ஒருத்தர் குனிந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிட்டு" என்றார். அவர் டாக்டரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று யாரும் கேட்கவில்லை. கூட வந்த நண்பர்கள் அழுதார்கள். நிற்கத் தெம்பில்லாத அளவுக்குக் குடித்திருந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஜீப்பின் பின்னால் அவனைப் படுக்க வைத்து லாட்ஜ் படுக்கை விரிப்பைப் போர்த்தினோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவன், ஜீப் முழுவதும் நல்லெண்ணெய் வாசம் அடித்தது. பாதங்கள் மட்டும் விரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முதலாளி என் பக்கத்தில் ஏறினார். நண்பர்கள் வேறொரு வண்டியில் வந்தார்கள். நான் வேகம் எடுத்ததும் முதலாளி என் தோளைத் தட்டினார்.

"பையப் போலே. இனி என்ன அவசரம்?"

பைய என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். இறக்கம் தொடங்கிய இடத்தில் கை தானாகப் போய் ஸ்டாப் கம்பியை இழுத்துவிட்டது.

எஞ்சின் நின்றதும் சாரல் தார்ப்பாயில் விழுவது கேட்டது. ஒரு வளைவு திரும்பினேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்த மூச்சு வந்தது. நீளமான மூச்சு. நிறையத் தூரம் நடந்து வந்தவன் கட்டிலில் சாய்ந்ததும் விடுவான், அப்படி.

"முதலாளி, மூச்சு விடுத மாரி கேக்கு" என்றேன்.

"காத்துலே. ரோட்டப் பாரு."

மறுபடி கேட்டது. நான் பின்னால் திரும்பப் போனேன். முதலாளி என் முகத்தைக் கையால் முன்பக்கம் தள்ளினார். பிறகு சத்தமாகப் பேசத் தொடங்கினார். டீசல் விலையைப் பற்றி, சீசன் கூட்டத்தைப் பற்றி, ஏதேதோ. அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பேச்சுக்கு அடியில் மூன்றாவது முறையும் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கிளட்சை விட்டால் போதும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மிதித்துப் போயிருக்கலாம். என் கால் அசையவில்லை. முதலாளி சொன்னார், நான் கேட்டேன், அவ்வளவுதான். இறக்கம் முடியும்வரை உருண்டோம். தென்காசி போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கழுத்தில் விரலை வைத்து நெடுநேரம் நின்றார். "உடம்பு இன்னும் சூடா இருக்கே. வழியில யாராவது பாத்துக்கிட்டே வந்தியளா?" என்று கேட்டார். "அங்கனயே முடிஞ்சிட்டு சார்" என்றார் முதலாளி. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த மூச்சு உண்மையா, என் காது செய்த வேலையா? ஜீப்பில் ஏற்றியபோது அவன் உயிரோடு இருந்தானா? நான் எஞ்சினை அணைக்காமல் மிதித்துப் போயிருந்தால்? அடுத்த வருடமே விசா கிடைத்து விமானம் ஏறிவிட்டேன். நான் போன ஊரில் இறக்கமே கிடையாது, எங்கும் ஒரே சமதளம். அது எனக்கு வசதியாக இருந்தது.

பண்பொழியில் அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மனைவிக்குத் தெரியாமல் தனியாக அந்த மலைக்குப் போனேன். எஞ்சின் ஓடும்போது ஒன்றும் இல்லை. அணைத்துவிட்டு உருண்டால் முதல் வளைவில் வந்துவிடும். பகல் வெளிச்சம், மரத்தில் குரங்குகள், கீழே பச்சை வயல், இவ்வளவுக்கும் நடுவில் என் கார் மட்டும் மூச்சுவிட்டது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பிவிட்டேன். பின் சீட்டைப் பார்க்காமல் ஓட்டுவது நல்லது என்று பட்டது. காரில் நல்லெண்ணெய் வாசம் வருகிறதா என்று மோந்து பார்ப்பேன். வந்தது என்று சொன்னால் பொய். வரவில்லை என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ போனபோதுதான் எண்ணினேன். மூன்று முறை கேட்கிறது. அதற்குப் பிறகு இல்லை. ஒவ்வொரு முறையும் மூன்றுதான், முதலாவது நீளமாக, மூன்றாவது மிகச் சிறியதாக. ஜீப்பிலும் மூன்றுதான்.

இதற்கிடையில் என் மனைவி காரில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் பஸ்ஸில் காற்று நன்றாக வருகிறது என்றாள். ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து என்னையே பார்ப்பாள். "எங்க போயிட்டு வாறிய, முகம் இப்படிக் கறுத்துக் கிடக்கு?" என்பாள். ரயில்வே கேட்டில் நான் இறங்கிக் கண்ணாடி தட்டுவதையும் விட்டுவிட்டேன். மந்திரிக்கு உடம்பு சரியில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் நான்காவது மூச்சு வருமா என்று பார்க்கத் துணிந்தேன். வந்துவிட்டால் அவன் இன்னும் இருக்கிறான் என்று அர்த்தம் என எனக்குள் ஏதோ ஒரு கிறுக்குக் கணக்கு. மூன்று வளைவு முடிந்தது. நான்காவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். மூச்சு வரவில்லை, பிரேக்கும் பிடிக்கவில்லை. பெடல் கல்லாகிவிட்டது. எதிரே ஒரு மினி பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைத் திணித்து, கைப்பிடிச் சுவரில் உரசித்தான் நின்றேன். மினி பஸ் டிரைவர் இறங்கி வந்து என் மூன்று தலைமுறையையும் சேர்த்து ஏசினார். அவர் ஏசி முடிக்கும்வரை நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன்.

அங்கிருந்து நேராக மெக்கானிக்கிடம் போனேன். செங்கோட்டை ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறவர், என்னைவிட இளையவர், வாய் கொஞ்சம் நீளம். நடந்ததைச் சொன்னேன், மூச்சைத் தவிர.

"இறக்கத்துல ஆஃப் பண்ணிட்டா விட்டிய? ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுதிய, இது தெரியாதா அண்ணாச்சி?" என்று பானெட்டைத் திறந்தார். பெடலுக்கு நேர் எதிரே இருந்த கறுப்பு உருண்டையைத் தட்டிக் காட்டினார். "இது பூஸ்டர். எஞ்சின் ஓடும்போது இதுக்குள்ள இருக்க காத்த உறிஞ்சி வெளிய எடுத்துரும். நீங்க பிரேக்க மிதிச்சா வெளிக்காத்து உள்ள பாயும், அந்தப் பலத்துலதான் லேசா மிதிச்சாலும் புடிக்கி. எஞ்சின அணைச்சிட்டா ரெண்டு மூணு மிதிக்குத்தான் இதுல சரக்கு. பொறவு கல்லுதான்."

"காத்து உள்ள பாயும்போது சத்தம் கேக்குமா?"

"கேக்காம?" அவர் உள்ளே உட்கார்ந்து எஞ்சினைப் போட்டு அணைத்தார். பிரேக்கை மிதித்தார். ஸ்ஸ்ஸ். நீளமாக ஒன்று. மீண்டும் ஒன்று. மூன்றாவது, சின்னதாக. அப்புறம் பெடல் இறங்கவில்லை.

நான் சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்குப் பயமாகிவிட்டது. "அண்ணாச்சி, இன்னொரு கூத்தும் இருக்கு" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "நீங்க ஒரு சொட்டும் மிச்சம் புடிக்கல. இந்த வண்டியில இறக்கத்துல கியர்லயே விட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாப் போதும், பெட்ரோல் தானா நின்னுரும். சக்கரம்தான் எஞ்சினச் சுத்தும். பிரேக்கும் இருக்கும்." அவருக்கும் பட்டறையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னேன்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜ், ஜீப், விரிப்பு, வெளியே நீட்டியிருந்த பாதங்கள், மெக்கானிக் காட்டிய பூஸ்டர், எல்லாம். ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத்தன வருசம் இதச் சொமந்துகிட்டா இருந்திய?"

"ம்."

"அந்தப் பையனுக்கு ஒரு அம்மா இருந்திருப்பாளே" என்றாள். நூலைப் பெட்டியில் போட்டுவிட்டு, "சரி, பிரேக்குதான. வளைவுல பிரேக்கத்தான மிதிச்சிருப்பிய. அது அவன் மூச்சு இல்ல. நீங்க ஒண்ணும் பண்ணல" என்றாள். சொல்லிவிட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து காரில் ஏறவும் தொடங்கினாள். "எறும்பெல்லாம் நம்மள ஓவர்டேக் பண்ணிப் போகுது" என்று பழையபடி கிண்டலும் செய்தாள். நான் நன்றாகத் தூங்கினேன். ரயில்வே கேட்டில் மந்திரி மறுபடி பதவி ஏற்றார். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை நேராக்கினேன். பின் சீட்டு வெறும் பின் சீட்டாக இருந்தது. நான்கு மாதம் அப்படி இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு லேசாக இருந்த மாதங்கள் வேறில்லை.

ஆயில் மாற்றுவதற்காக மறுபடி பட்டறைக்குப் போனபோது அங்கே ஒரு பழைய ஜீப் நின்றது. செங்கோட்டைக்கு அப்பால் ரப்பர் தோட்டக்காரர் ஒருவருடையதாம். நான் ஓட்டிய ஜீப்பின் அதே ரகம், அதே சப்பை மூக்கு. மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். எனக்கு ஓர் ஆசை வந்தது. என்னை இவ்வளவு காலம் ஆட்டிவைத்த அந்தச் சத்தத்தை, அந்த வண்டியிலேயே, பயமில்லாமல் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். எஞ்சினைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஸ்டாப் கம்பியை இழுத்தேன். பட்டறையில் கொஞ்சம் அமைதி வந்ததும் பிரேக்கை மிதித்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. பெடல் ஆரம்பத்திலிருந்தே கனத்தது.

மறுபடி மிதித்தேன். ஸ்பிரிங் கிரீச்சிட்டது, அவ்வளவுதான்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய?" என்றார் மெக்கானிக், அடுத்த காருக்கு அடியில் படுத்தபடி.

"பூஸ்டர் சத்தம் வரலையே."

"இதுல ஏது பூஸ்டர்? இது அந்தக் காலத்து வண்டி. கால் பலம்தான் எல்லாம்."

"பின்னால வாங்கி மாட்டியிருப்பாங்களோ? லாட்ஜ் வண்டி மாரி இருந்தா?"

"டீசல் ஊத்தவே அழுவானுவ, பூஸ்டரா மாட்டப் போறானுவ?" என்று சிரித்தார்.

அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஜீப்பை இரண்டு சீசன் ஓட்டியவன் நான். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் பெடல் ஒரே கனம்தான். மிதித்து மிதித்து ராத்திரியில் வலது தொடை வலிக்கும், முதலாளி வீட்டிலிருந்து தைலம் வாங்கித் தேய்ப்பேன். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பூஸ்டர் என்ற சொல் கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டேன். மறப்பது சுகமாக இருந்தது, அதனால் மறந்தேன்.

அப்படியானால் அது காற்று இல்லை. பிரேக் இல்லை. என் காதின் கோளாறும் இல்லை. அவன் மூன்று முறை மூச்சுவிட்டான். நான் கேட்டேன். முதலாளியும் கேட்டார், அதனால்தான் அவ்வளவு உரக்கப் பேசினார்.

வீட்டுக்குப் போகவில்லை. ஆயில் மாற்றிய காரை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். சீசன் முடிந்து அருவியில் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. மத்தியானம், ரோட்டில் ஆள் இல்லை. லாட்ஜ் இருந்த இடத்துக்கு எதிரே காரைத் திருப்பி நிறுத்தினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.

மிதித்தேன். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து ஒரு நாளும் அப்படி மிதித்ததில்லை. எஞ்சின் கதறியது. விளக்கைப் போட்டு, ஹாரனில் கையை வைத்தபடி இறங்கினேன். அந்த வளைவுகளை ஒவ்வொன்றாகக் கடந்தேன், முதல் மூச்சு கேட்ட வளைவு, இரண்டாவது, மூன்றாவது. எஞ்சின் சத்தத்தில் பின்னால் ஏதாவது கேட்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. "இந்தா வந்துட்டோம், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று யாரோ சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் குரல்தான். குற்றாலம் கடைத்தெரு, மேலகரம், எங்கள் தெரு முக்கு எல்லாம் போயின. முக்கில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எதிரே வந்த பஸ் ஒதுங்கி வழிவிட்டது. ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவனுக்கு எல்லோரும் வழிவிடத்தான் செய்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

நான் வந்த வேகத்தைப் பார்த்துவிட்டு உள்ளிருந்து ஒரு பணியாளர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் பின் கதவைத் திறந்து, இரண்டு கைகளையும் நீட்டியபடி உள்ளே குனிந்தார். சீட்டைப் பார்த்தார், கீழே கால் வைக்கும் இடத்தையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆளு எங்க அண்ணாச்சி?"

"லேட்டாயிட்டு தம்பி" என்றேன்.